ஒரே பெட்டிக்குள் ரெண்டு விண்டோஸ்!

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். திரையில் ஒரு கேள்வி வருகிறது. 'எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும்? தேர்ந்தெடுக்கவும்.' கீழே இரண்டே வரி. முதல் வரி: விண்டோஸ் 10. இரண்டாவது வரி: விண்டோஸ் 10.

என்ன ஸார் இது? 'டிபன் என்னப்பா இருக்கு?' என்று கேட்டால் 'இட்லி இருக்கு... அப்புறம் இட்லி இருக்கு' என்று சர்வர் சொல்கிற மாதிரி!

முதல் நாள் சிரிப்பு வரும். இரண்டாம் நாள் எரிச்சல் வரும். மூன்றாம் நாளிலிருந்து பழகிவிடும். நமக்குத்தான் எதுவும் பழகிவிடுமே! ஆனால் ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் எதையும் தொடாவிட்டால் அந்தத் திரை வழக்கமாக 30 விநாடி நின்று பார்த்துவிட்டு, பிறகு தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். தினம் 30 விநாடி, வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 9,000 விநாடி. அதாவது இரண்டரை மணி நேரம். இடைவேளையோடு ஒரு முழு சினிமா! அதையும் டிக்கெட் இல்லாமல், கதாநாயகி இல்லாமல், இரண்டு வரியை மட்டும் பார்த்துக்கொண்டு...

நேரம் போவதுகூடப் பரவாயில்லை. இந்த இரட்டை வரியைப் பார்த்துப் பதறி, 'எதையாவது ஒண்ணை அழிச்சுத் தொலைப்போம்' என்று இறங்குகிறவர்கள்தான் நிஜமான ஆபத்தில் மாட்டுகிறார்கள். அழிக்க வேண்டியது ஒன்று. அவர்கள் அழிப்பது இன்னொன்று.

பாய்லரும் கம்ப்யூட்டரும்

கைலாசபுரம் என்றால் திருச்சிக்காரர்களுக்கு பெல் டவுன்ஷிப். 1960-களில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் ஒத்துழைப்போடு திருவெறும்பூர் பக்கம் எழுந்த உயர் அழுத்த பாய்லர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்காக உருவான ஊர். அங்கே யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்... அனல்மின் நிலையத்தின் பெரிய பாய்லரை எடுத்த எடுப்பில் நிலக்கரி கொட்டி எரிக்க முடியாது. முதலில் ஒரு சின்னப் பொறி. அந்தப் பொறியில் எண்ணெய் பர்னர் பற்றிக்கொள்ளும். உலை நன்றாகச் சூடான பிறகுதான் பொடி செய்த நிலக்கரி உள்ளே போகும். நிலக்கரி தானே நின்று எரிய ஆரம்பித்ததும், எண்ணெயை நிறுத்திவிடுவார்கள்.

கம்ப்யூட்டர் விழித்துக்கொள்வதும் ஏறக்குறைய இப்படித்தான். பட்டனை அமுக்கியதும் விண்டோஸ் குதித்து வந்துவிடாது. முதலில் மதர்போர்டில் ஒரு சிப்புக்குள் இருக்கும் சின்ன புரோகிராம் எழுந்திருக்கும். பழைய மெஷினில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. அதுதான் பொறி. அது மெமரி இருக்கிறதா, கீ-போர்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, டிஸ்க்கில் இருக்கும் 'பூட் மேனேஜர்' என்கிற புரோகிராமை எழுப்பும். இது எண்ணெய் பர்னர். பூட் மேனேஜர் தன் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்துப் படிக்கும். 'இந்த மெஷினில் யார் யார் குடியிருக்கிறார்கள்? எந்த டிஸ்க்கில், எந்தப் பகுதியில்?' பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தால், கேள்வியே கேட்காமல் நேராக அவரை எழுப்பிவிடும். இரண்டு பெயர் இருந்தால்தான் உங்களிடம் மெனு கார்டு நீட்டும்.

ஆக, நீங்கள் பார்க்கும் அந்த இரண்டு வரி, விண்டோஸ் அல்ல. விண்டோஸின் விலாசம். இதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டால் போதும், பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

வாக்காளர் பட்டியல் ரகசியம்

வாக்காளர் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் திருவெறும்பூரில் குடியிருந்தார், ஸ்ரீரங்கத்துக்கு மாறினார். அங்கேயும் பெயர் சேர்த்தார், இங்கேயும் பெயர் நிற்கிறது. ஆள் ஒன்று, வரி இரண்டு. இன்னொரு வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயர். வரியும் இரண்டு, ஆளும் இரண்டு. பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பட்டியலிலிருந்து பெயரை அடித்தால் ஆள் செத்துவிட மாட்டார். ஆள் செத்துப்போனாலும் பட்டியலில் இருக்கும் பெயர் தானாகப் போய்விடாது.

பூட் மெனுவுக்கும் இதேதான் சட்டம். மெனுவிலிருந்து ஒரு வரியை நீக்கினால் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். ஒரு மெகாபைட் இடம்கூடத் திரும்பக் கிடைக்காது. மாறாக, டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸை ஃபார்மட் போட்டு ஒழித்தாலும், மெனுவில் அந்த வரி ஜம்மென்று நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் 'ஃபைலைக் காணோம்' என்று ஒரு நீலத்திரை வந்து ஒப்பாரி வைக்கும்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு சின்ன வரலாறும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை அது 'பூட் டாட் ஐஎன்ஐ' என்று சி டிரைவில் ஒளிந்திருந்த ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். நோட்-பேடில் திறந்து, வேண்டாத வரியை அழித்து, சேமித்தால் வேலை முடிந்தது. (தவறான வரியை அழித்தால் கம்ப்யூட்டரே முடிந்தது.) 2007-இல் விஸ்டா வந்தபோது மைக்ரோஸாஃப்ட் அந்த வழக்கத்தை மாற்றி, பட்டியலை 'பிசிடி' என்ற பெட்டகத்துக்குள் வைத்தது. இன்றைய விண்டோஸ் 11 வரை அதே பெட்டகம்தான். நோட்-பேடில் திறந்தால் கோயில் கல்வெட்டு மாதிரி இருக்கும். படிக்கத் தனிக் கருவி வேண்டும். நல்லவேளை, அந்தக் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

இரட்டை எப்படிப் பிறக்கிறது?

மூன்று வழி.

ஒன்று: 'ஸ்லோவா இருக்கு' என்று கடைக்குக் கொடுக்கிறீர்கள். அங்கே இருக்கிற பையன் சி டிரைவைத் தொட பயந்து, டி டிரைவில் புதிதாக ஒரு விண்டோஸைப் போட்டுக் கொடுக்கிறான். பழையது சி-யில் அப்படியே தூங்குகிறது. வரி இரண்டு, ஆளும் இரண்டு.

இரண்டு: புதிய வெர்ஷனுக்கு மாறும்போது பாதியில் கரண்ட் போய்விடுகிறது. 'விண்டோஸ் செட்டப்' அல்லது 'விண்டோஸ் ரோல்பேக்' என்று ஒரு அரைகுறை வரி மெனுவில் தங்கிவிடுகிறது. இதற்குப் பின்னால் ஆளே கிடையாது. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் தெருமுனையில் தொங்குகிற 'கல்யாண மண்டபம் இந்தப் பக்கம்' அட்டை மாதிரி.

மூன்று: வேகமாக இருக்கட்டும் என்று புதிதாக எஸ்எஸ்டி வாங்கி, அதில் விண்டோஸ் போடுகிறீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கையும் 'கிடக்கட்டும்' என்று உள்ளேயே விட்டுவிடுகிறீர்கள். அதிலும் ஒரு விண்டோஸ் கிடக்கும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோஸாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி, பழையதை விட மனசில்லாமல் பக்கத்திலேயே புதியதைப் போட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். முதல் மனைவி வீட்டில் இருக்க... வேண்டாம், உவமை வேறு பக்கம் போகிறது.

டி டிரைவுக்குள் ஒரு மணிவிழா

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கும் நண்பர் ஒருவர் சென்ற வருடம் போன் செய்தார். "வீட்டு கம்ப்யூட்டர்ல பேய் பூந்திருக்கு ஸார்" என்றார் பதற்றமாக.

"என்ன பண்ணுது?"

"திங்கக்கிழமை டைப் பண்ணின லெட்டர் செவ்வாய்க்கிழமை காணோம். புதன்கிழமை மறுபடி வந்து நிக்குது. பிரின்ட்டர் ஒரு நாள் இருக்கு, ஒரு நாள் இல்ல. வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேக்குது. வீட்ல எலுமிச்சம்பழம் சுத்திப் போடலாம்கறாங்க."

பேய் இல்லை. இரண்டு விண்டோஸ். அவர் வந்தால் கீழ்-அம்புக்குறியைத் தட்டி இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுப்பார். அவர் மனைவி எதையும் தட்டாமல் காபி கலக்கப் போய்விடுவார். மெஷின் தானாக முதல் வரிக்குள் போய்விடும். ஒவ்வொரு விண்டோஸுக்கும் தனித்தனி டெஸ்க்-டாப், தனித்தனி பிரின்ட்டர், தனித்தனி பாஸ்வேர்டு. ஒரே காம்பவுண்டில் இரண்டு குடித்தனம்!

கடைக்காரர் ஏற்கெனவே வழி சொல்லியிருந்தார். "டி டிரைவ்ல இருக்கிறது பழசு ஸார். ஃபார்மட் போட்டுடலாம். ஐந்நூறு ரூபா." நண்பரும் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் குறித்துவிட்டார்.

"ஃபார்மட்டுக்கு முன்னால டி-க்குள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"பழைய விண்டோஸ்தானே... என்னத்த இருக்கும், குப்பை."

பார்த்தோம். டி டிரைவைத் திறந்தால் 'யூஸர்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் நண்பரின் அப்பா பெயரில் ஒரு ஃபோல்டர். திறக்கப் போனால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. கீழே இருந்த 'கன்டினியூ' பட்டனை அழுத்தினோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் திறந்தது. 'பிக்சர்ஸ்' என்ற இடத்தில், அப்பாவின் மணிவிழாப் படங்கள். ஆயிரத்துக்கும் மேல். கூடவே யாரோ மொபைலில் எடுத்த வீடியோ. அப்பா மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, "சாப்பிடாம யாரும் போகக் கூடாது" என்று அதட்டுகிறார்.

அப்பா தவறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போனபோதே படமெல்லாம் போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நண்பர் ஒன்றும் பேசவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "இந்தப் பச்சைப் பட்டுதான்டா... எங்க வெச்சேன்னு தேடிக்கிட்டே இருக்கேன்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மெனுவை யாரும் தொடவில்லை.

படங்கள் பென் டிரைவில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு நகல் ஏறிய பிறகுதான், அடுத்த வாரம், வேலையை ஆரம்பித்தோம். விஷயம் இதுதான்: மெனுவில் ஒரு வரி அதிகமாக இருப்பதால் யாருக்கும் உயிர் போகாது. ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ஃபார்மட் போட்டால் போனது போனதுதான்.

இனி வேலை... வரிசையாக!

முதல் வேலை, எந்த விண்டோஸில் இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வொரு விண்டோஸும் பெரும்பாலும் தான் இருக்கும் இடத்தைத்தான் 'சி' என்று சொல்லிக்கொள்ளும். இதிலிருந்து பார்த்தால் அது டி. அதிலிருந்து பார்த்தால் இது டி. எல்லார் வீட்டிலும் அவரவர் சமையல்தானே ஒஸ்தி! அதனால் டிரைவ் எழுத்தை நம்பாதீர்கள். சுலபமான வழி: ஒரு விண்டோஸின் திரைக்கு மலைக்கோட்டைப் படத்தை வையுங்கள். இன்னொன்றுக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். இனி குழப்பமே வராது. ஒரு வாரம் இரண்டிலும் போய்ப் பார்த்து, எது உங்களுக்கு வேண்டியது என்று முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, ஃபைல்கள். வேண்டாத விண்டோஸின் 'யூஸர்ஸ்' ஃபோல்டர் முழுவதையும் துழாவி, படம், கடிதம், பயோ-டேட்டா, பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். டெஸ்க்-டாப் என்பதும் அதற்குள் ஒரு ஃபோல்டர்தான். நிறையப் பேர் அதை மறந்துவிடுவார்கள்.

மூன்றாவது, பூட்டு. இன்றைய லேப்டாப்களில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு டிஸ்க்கைக் காவல் காக்கக்கூடும். பூட் சமாசாரத்தில் கை வைத்தால் அது சந்தேகப்பட்டு, 48 இலக்க எண்ணைக் கேட்டு வழிமறிக்கும். அந்த எண் பல சமயம் உங்கள் மைக்ரோஸாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலிலேயே எடுத்துப் பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால், சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டின கதைதான்.

நான்காவது, நிஜமான வேலை. வேண்டிய விண்டோஸுக்குள் வாருங்கள். கீ-போர்டில் விண்டோஸ் சாவியையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் 'ரன்' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் இடைவெளி இல்லாமல் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று எட்டு எழுத்தை அடித்து, என்டர் தட்டுங்கள். வருகிற ஜன்னலில் 'பூட்' என்ற பக்கத்துக்குப் போங்கள். இதோ, பட்டியல்! ஒரு வரியின் பக்கத்தில் 'கரண்ட் ஓஎஸ்' என்று போட்டிருக்கும். அது நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் கிளை. அதை வெட்டக் கூடாது. விண்டோஸும் அதை வெட்ட விடாது.

அதே வரிக்கு 'டீஃபால்ட் ஓஎஸ்' என்ற பட்டமும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதைத் தேர்ந்தெடுத்து, 'செட் ஆஸ் டீஃபால்ட்' பட்டனை அழுத்துங்கள். பிறகு மற்ற வரியைத் தேர்ந்தெடுத்து, 'டெலீட்'. 'அப்ளை'. 'ஓகே'. ரீஸ்டார்ட். அவ்வளவுதான்!

"இதுக்கா இவ்வளவு பீடிகை?" என்று கேட்பீர்கள். ஆபரேஷன் பத்து நிமிஷம்தான். அதற்கு முன்னால் டெஸ்ட்டுகள்தானே ஒரு வாரம்?

இன்னும் கொஞ்சம் தைரியசாலிகளுக்கு வேறொரு கருவி உண்டு. 'பிசிடி-எடிட்'. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இந்தப் பெயரை மட்டும் அடித்தால், மொத்தப் பட்டியலும் விரியும். இப்போது இருப்பவருக்குப் பெயர் 'கரண்ட்'. மற்றவருக்கு நெளிவு அடைப்புக்குறிக்குள் ரயில் பெட்டி நம்பர் மாதிரி ஒரு நீளமான எண். இந்தக் கருவியில் 'எக்ஸ்போர்ட்' கட்டளை கொடுத்து முழுப் பட்டியலையும் ஒரு ஃபைலில் நகல் எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது கோளாறானால் 'இம்போர்ட்' கொடுத்துப் பழையபடி ஆக்கலாம். வரியை நீக்க 'டெலீட்'. 'பூட்-எம்ஜிஆர்' என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் தொடாதீர்கள்! அவர்தான் பூட் மேனேஜர். (எம்ஜிஆரைத் தொட்டால் நம் ஊரில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா?)

இரண்டு விண்டோஸும் வேண்டும், பெயர்தான் குழப்பம் என்றால், நீக்கவே வேண்டாம். அதே பிசிடி-எடிட்டில் பெயரை மாற்றிவிடலாம். 'ஆபீஸ்', 'வீடு' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டைம்-அவுட்' என்ற கட்டத்தில் 30-ஐ அடித்து 5 என்று போட்டால், ஒரு சினிமா நேரமும் மிச்சம்.

இடத்தை எப்போது காலி செய்வது?

மெனுவிலிருந்து வரி போயிற்று. ஆள் டிஸ்க்கில் இன்னும் இருக்கிறார். இரண்டு வாரம் அப்படியே ஓட்டுங்கள். எந்த ஃபைலும் விட்டுப்போகவில்லை என்று உறுதியான பிறகு அந்தப் பகுதியைக் காலி செய்யலாம்.

இங்கேதான் கடைசிப் பள்ளம். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற கருவியைத் திறந்தால் ஒவ்வொரு பகுதியின் மேலும் சில பட்டங்கள் எழுதியிருக்கும். 'பூட்' என்று எழுதியிருக்கும் பகுதியில் இருப்பது விண்டோஸ் சிஸ்டம். 'சிஸ்டம்' என்று எழுதியிருக்கும் பகுதியில் இருப்பது பூட் ஃபைல்கள். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்! பெயர்ப் பலகையை மாற்றி மாட்டிய மாதிரி மைக்ரோஸாஃப்ட் வைத்த பெயர்கள் இவை. நாம் என்ன செய்ய முடியும்?

சில மெஷின்களில், முக்கியமாகப் பழையவற்றில், பழைய விண்டோஸ் இருக்கும் பகுதியிலேயே அந்த 'சிஸ்டம்' பட்டமும் இருக்கும். அதாவது, புதிய விண்டோஸை எழுப்புகிற எண்ணெய் பர்னர், பழைய விண்டோஸின் வீட்டில் குடியிருக்கிறது. பழையதுதானே என்று ஃபார்மட் போட்டால், மறுநாள் காலை எதுவுமே எழுந்திருக்காது. 'சிஸ்டம்' என்று எழுதியிருக்கும் பகுதி எதுவானாலும் கை வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பழைய ஃபைல்களை மட்டும் நிதானமாக அகற்றுவது வேறு வேலை. விஷயம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

'பாஸ்' வந்தார்... 'பாஸ்' போனார்!

தமிழ்நாட்டில் நிறைய வீடுகளுக்கு பூட் மெனு அறிமுகமானது அரசு லேப்டாப் மூலமாகத்தான். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், ஆரம்ப ஆண்டுகளில் வந்த பல லேப்டாப்களில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளுக்கு இடம் கொடுத்து உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம்.

பெயரைக் கவனியுங்கள். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் 'விண்டோஸ் வேண்டுமா, பாஸ் வேண்டுமா?' என்று கேட்டால், எந்த ஆபீஸ் ஊழியர் ஸார் 'பாஸ்' என்பார்?

அப்படி பாஸைத் துரத்தக் கிளம்பிய சிலர், விண்டோஸுக்குள் போய் லினக்ஸ் இருக்கும் பகுதியை அப்படியே அழித்தார்கள். அடுத்த முறை ஆன் செய்தால், கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று இரண்டு வார்த்தை. 'காப்பாற்றுங்கள்' என்று கம்ப்யூட்டரே கேட்கிறது! காரணம், அந்த மெஷின்களில் மெனு கார்டு நீட்டியவர் விண்டோஸ் அல்ல. லினக்ஸோடு வந்த 'கிரப்' என்கிற பூட் லோடர். அவருடைய வீட்டை இடித்துவிட்டு, அவரையே கதவைத் திறக்கச் சொன்னால் எப்படி?

சரியான வரிசை இது. முதலில் கதவைத் திறக்கும் வேலையை விண்டோஸுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும். புதிய மெஷினில் யூஇஎஃப்ஐ செட்டிங்கில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலிடத்துக்குக் கொண்டு வந்தால் போதும். பழைய மெஷினில் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் டிஸ்க்கிலிருந்து ரிப்பேர் செய்ய வேண்டும். விண்டோஸ் நேரடியாக எழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் லினக்ஸ் பகுதியில் கை வைக்கலாம்.

லினக்ஸ் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மெனுவில் ஒரே லினக்ஸ் மூன்று நான்கு முறை, வேறு வேறு நம்பரோடு நிற்கிறதா? அது இரட்டை அல்ல. பழைய கர்னல்கள். புதியது மக்கர் பண்ணினால் பழையதில் ஏறிப் போகலாம். காரில் ஸ்டெப்னி மாதிரி. ஒன்றாவது இருக்கட்டும். மீதியை 'ஆட்டோ-ரிமூவ்' கட்டளை கொடுத்தால் அதுவே பார்த்துக் கழித்துவிடும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

* எந்த விண்டோஸில் இருக்கிறோம் என்று தெரியாமல் எதையும் நீக்காதீர்கள்.

* மெனுவைச் சரிசெய்வதற்காக டிஸ்க்கை ஃபார்மட் போடாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

* 'எம்எஸ்-கான்ஃபிக்' பட்டியலில் ஒரே வரிதான் இருக்கிறது, ஆனால் எஃப்-12 அழுத்தினால் வரும் மெனுவில் இரண்டு இருக்கிறது என்றால், அது வேறு பட்டியல். மதர்போர்டின் சொந்த ஞாபகம். டிஸ்க் மாற்றியவர்களுக்கு வரும். அதை யூஇஎஃப்ஐ செட்டிங்கில்தான் சரிசெய்ய வேண்டும்.

* கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நேரத்தில் உட்காராதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிக்கொள்ளுங்கள்.

* விண்டோஸ் இன்ஸ்டலேஷன் பென் டிரைவ் ஒன்று கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். எல்லாம் கவிழ்ந்தாலும் அதிலிருந்து 'ஸ்டார்ட்-அப் ரிப்பேர்' செய்து பார்க்கலாம்.

எல்லாம் சரியாக முடிந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டரை ஆன் செய்வீர்கள். கேள்வி கேட்கும் திரையே வராது. நேராக விண்டோஸ் வந்து நிற்கும். நீங்கள் பெருமையோடு காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளும்போது, அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரும்.

"ஏங்க... அந்த ரெண்டு வரி வருமே, அதக் காணோமே! மறுபடி எதையாவது நோண்டிக் கெடுத்துட்டீங்களா?"